முடிவெட்டும் கடை நாற்காலி

தலையில் ஒரு பிரம்பு நாற்காலி, கக்கத்தில் இன்னொரு பிரம்பு நாற்காலி. இப்படித்தான் ஒரு நாள் காலை வெயிலில் நான் சிராங்கூன் ரோட்டைக் குறுக்கே கடந்தேன். பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். பூக்கட்டிக்கொண்டிருந்த கிழவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்.

“என்ன ரெங்கசாமி, யாரு வீட்டுல கல்யாணம்?”

“கல்யாணம் இல்லண்ணே. சர்க்கார் வருது.”

அவ்வளவு பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு அன்றோடு போகப் பார்த்தது.

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு தம்பி பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ‘அந்தக் காலத்து ஏழ்மையை எழுதுகிறீர்கள் தாத்தா, அதைப் போக்க இளைஞர்கள் என்ன செய்தார்கள், அரசாங்கம் என்ன செய்தது, அதையும் எழுதுங்கள்’ என்று. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். பெரிய விஷயமெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு நாற்காலிதான்.

பன்னிரண்டு அறை, ஒரு குழாய்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் அப்போது இருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை. பன்னிரண்டு அறைக்கு ஒரு குழாய். மழை பெய்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும், தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

எந்த வருசம் என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் முழுசாகப் போகவில்லை. நம் ஆட்கள் மேடை போட்டு ஓட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயம்.

நான் சாக்கடை சுத்தம் செய்யும் கூட்டத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து அறையில் அஞ்சலை. அவள் புருசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். நெஞ்சுநோய் வந்து, இருமி இருமி, ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று பிள்ளைகள். மூத்தவள் லெச்சுமிக்குப் பதினோரு வயது இருக்கும்.

மளிகைக் கடையிலிருந்து அஞ்சலைக்குக் காய்ந்த மிளகாய் மூட்டையாக வரும். காம்பு கிள்ளிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து லெச்சுமியும் உட்காருவாள். விரலெல்லாம் எரியும். தேங்காயெண்ணெய் தடவினாலும் போகாது. கடைசிப் பையனுக்கு மூக்கு ஒழுகினால் அஞ்சலை முழங்கையால்தான் துடைத்துவிடுவாள். விரல் பட்டால் பிள்ளை அலறும்.

அதை வைத்து நாலு வயிறு எப்படி நிறையும்? பாலம் தாண்டி ஜொகூரில் ஒரு பெரிய வீட்டம்மா வீட்டுவேலைக்குப் பெண்பிள்ளை வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். சாப்பாடு போட்டு, துணி எடுத்துக் கொடுப்பார்களாம். அஞ்சலை வாக்குக் கொடுத்துவிட்டாள். தீபாவளி முடிந்ததும் வந்து லெச்சுமியை அழைத்துப் போவார்கள்.

பிள்ளையின் துணி இரண்டை மஞ்சள் துணியில் மூட்டை கட்டி ஆணியில் மாட்டியிருந்தாள். என் வீட்டுக்காரி பாக்கியம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு. இப்பவே ஏண்டி கட்டி வச்சிருக்க?”

“அன்னைக்குன்னா கை வராதுக்கா,” என்றாள் அஞ்சலை.

ஞாயிற்றுக்கிழமை மேசை

எங்கள் சந்து முனையில் மாரிமுத்துவின் முடிவெட்டும் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடை வாசலில் நாலைந்து இளசுகள் ஒரு மேசையைப் போட்டு உட்காருவார்கள். எல்லாருக்கும் இருபது வயசு, அதற்கு முன்னே பின்னே. ஒருவன் கப்பல் ஆபீசில் எடுபிடி. ஒருவன் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். வாரத்தில் ஒரே நாள் லீவு. அந்த நாளில் வந்து, எங்களைப் போல எழுத்து தெரியாதவர்களுக்கு அடையாள அட்டைக்கு எழுதித் தருவது, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்வது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுதுவது, இதெல்லாம் செய்வார்கள். காசு வாங்க மாட்டார்கள். டீக்கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் ‘காக்கா’, அவர் அனுப்பும் டீயை மட்டும் குடிப்பார்கள்.

எனக்கே ‘அ’ போடக் கற்றுக்கொடுத்தது அந்த மேசைதான். நான் சாக்கடை வாரியைப் பிடிப்பது போல பென்சிலைப் பிடிப்பேன். எத்தனை பென்சில் முறித்தேன் என்று கணக்கில்லை. அதை இன்னொரு வாரம் எழுதினால் போச்சு.

அந்தக் கூட்டத்தில் சிவகாமி என்று ஒரு பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆபீசில் டைப் அடிக்கிறவள். ஒல்லியாக இருப்பாள், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மாரிமுத்து கடையில் ஆட்கள் காத்திருக்கப் போட்டிருக்கும் இரண்டு பிரம்பு நாற்காலியில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடையது.

அவள்தான் அஞ்சலையிடம் சொன்னாள், இப்படிப் புருசனை இழந்தவர்களுக்கு மாசாமாசம் உதவிப்பணம் தர சர்க்காரில் ஒரு இலாகா இருக்கிறது என்று. எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. அந்த ஆபீஸ் மாடிப்படியை நான் வாரம் இரண்டு முறை தாண்டிப் போகிறவன். படிக்குப் பக்கத்துச் சாக்கடையைக் கழுவியிருக்கிறேன். மேலே என்ன நடக்கிறது என்று யார் சொன்னார்கள்?

சிவகாமி மனு எழுதினாள். அஞ்சலை கைநாட்டு வைத்தாள். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. இன்ன நாள், வேலைநாள் ஒன்றில், அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார்.

“எனக்கு அண்டைக்கு ஆபீஸ். வரேலாது,” என்றாள் சிவகாமி. “அவை சும்மா வந்து பாத்திட்டுப் போவினம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. விளங்குதே, அண்ணை?”

“வெளங்குது தங்கச்சி,” என்றேன்.

விளங்கவில்லை.

பெண் பார்க்க வருகிற மாதிரி

இங்கே கொஞ்சம் நின்று என் கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியும்.

பாக்கியத்தைப் பெண் பார்க்கப் போனபோது எங்கள் வீட்டில் என்ன சொல்லியனுப்பினார்கள்? ‘சும்மா வந்து பாத்துட்டுப் போறோம், ஒண்ணும் செய்ய வேணாம்’ என்றுதான். போனால் வாசலில் இரண்டு கறவை மாடு. வடை, பாயசம். கல்யாணம் முடிந்து மறுவீடு போகிறேன், ஒரு மாட்டையும் காணோம். “எங்க மாடு?” என்றேன். “அதுங்க அன்னைக்கே அவங்கவங்க வீட்டுக்குப் போயிருச்சுங்க,” என்றாள் பாக்கியம். நான் கோபப்பட முடியுமா? பெண் பார்க்கப் போன அன்று என் கையில் கட்டியிருந்த கடிகாரம் சித்தப்பாவுடையது.

ஆக, ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு ஒருத்தர் வருகிறார் என்றால், நிறையச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று வேலைக்கு லீவு போட்டேன். மாரிமுத்துவிடம் நாற்காலி. காக்கா கடையில் கண்ணாடி டம்ளர். எதிர் அறைக்காரரின் பூப்போட்ட படுக்கை விரிப்பு. பாக்கியத்தின் கல்யாணச் சேலையும் சங்கிலியும் அஞ்சலை மேல். என் ரேடியோவைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் அறை மூலையில் வைத்தேன். மிளகாய் மூட்டை, நெடி அடிக்கும் என்று எங்கள் அறைக்குப் போனது. ஆணியில் இருந்த மஞ்சள் மூட்டையை நானே எடுத்து விரிப்புக்குக் கீழே தள்ளினேன். மங்கலமான நேரத்தில் அது எதற்குக் கண்ணில் பட வேண்டும்?

“அண்ணே, நம்ம வீடா இது,” என்றாள் அஞ்சலை. புருசன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வந்தது ஒரு சீனப் பெண். சின்ன வயசுதான், இருபத்தைந்து இருந்தால் அதிகம். ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடுவது போல நாங்கள் ‘மிஸி’ என்றோம். எங்களுக்கும் மிஸிக்கும் நடுவில் அரைகுறை மலாய்தான். மிஸி நாற்காலியில் உட்கார்ந்தாள். விரிப்பைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், அஞ்சலையின் கழுத்தைப் பார்த்தாள். புத்தகத்தில் எழுதினாள். டீயைத் தொடவில்லை. அவசரமாக எழுந்து போய்விட்டாள்.

“டீ நல்லா இல்லையோ,” என்று அஞ்சலைக்கு அதுதான் கவலை.

நான் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, “காரியம் முடிஞ்சிருச்சு,” என்றேன்.

கதிரை ஆருடையது?

பதில் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை மேசையில் சிவகாமி படித்தாள். ஒரு முறை மனசுக்குள், ஒரு முறை எங்களுக்கு. குடும்ப நிலை வசதியாகத் தெரிவதால் உதவிக்கு இடமில்லை.

“வசதியோ? என்ன வசதியைக் கண்டவை? அண்ணை, என்ன செய்தனீங்கள்?”

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் கீழே குனிந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

“இந்தக் கதிரையா?”

“அதுவும், பக்கத்துல இருக்கிறதும்.”

“நல்ல காலம், மாரிமுத்தண்ணையின்ர கண்ணாடியைக் கழட்டிக்கொண்டு போகேல்லை.”

“கேட்டான். நான்தான் குடுக்கல,” என்றார் மாரிமுத்து உள்ளேயிருந்து, யாருக்கோ சவரம் செய்துகொண்டே.

மற்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். சிவகாமி சிரிக்கவில்லை. “அவை நீங்கள் கஷ்டப்படுறீங்களோ எண்டு பாக்க வந்தவை, அண்ணை,” என்றாள் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீபாவளிக்கு மூன்று வாரமோ என்னவோ இருந்தது. அஞ்சலை பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

“திரும்ப எழுதுவம்,” என்றாள் சிவகாமி. “நடந்ததை நடந்தபடி எழுதுவம். கதிரை, சங்கிலி, எல்லாம் இரவல் எண்டு.”

“சர்க்காரை ஏமாத்துனதுன்னு என்னை ஜெயில்ல போட்டுருவாங்களா?”

“போட்டா நான் வந்து பாக்கிறன், அண்ணை.”

ஆனால் அஞ்சலை ஒப்பவில்லை. “வேணாம்மா. காலி வீட்டைக் காட்டச் சொல்றியா? வர்றவங்க எங்க உக்காருவாங்க?”

“நிலத்தில இருப்பினம்.”

“தரையிலயா? சர்க்கார் பொம்பளையா? அவர் செத்தப்பக்கூட நான் யார்கிட்டயும் கையேந்தல. என் வீட்ல ஒண்ணும் இல்லைன்னு புத்தகத்துல எழுதிக்கிட்டுப் போகணுமா?”

பேச்சில் தோற்று அவளை அன்றுதான் பார்த்தேன். அப்போது லெச்சுமி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவள், கேட்டாள்.

“நாற்காலி வந்தா நான் ஜொகூர் போகணும். நாற்காலி வரலைன்னா இங்கயே இருக்கலாம். அப்படித்தானேக்கா?”

சிவகாமி ஆமென்று தலையை ஆட்டினாள்.

அஞ்சலை மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதும்மா,” என்றாள்.

மிஸி மறுபடி வந்தாள்

இந்த முறை சிவகாமி ஆபீசில் அரை நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். வேஷம் எதுவும் வேண்டாம், இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம், இருப்பதை ஒளிக்கவும் வேண்டாம் என்று எனக்கு மட்டும் இரண்டு முறை சொன்னாள். அஞ்சலை அறையைக் கூட்டி மெழுகித் துடைத்து வைத்திருந்தாள். அதைச் சிவகாமி தடுக்கவில்லை. ஒரு பாய், ஒரு அடுப்பு, மூலையில் மிளகாய் மூட்டை, ஆணியில் மஞ்சள் மூட்டை. அவ்வளவுதான் வீடு.

மிஸி வாசலில் காலை வைத்ததும் தும்மினாள். மிளகாய். இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மலில் சின்னப் பையன் சிரித்துவிட்டான்.

அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலி எங்கே என்று மலாயில் கேட்டாள். “சியாப்பா பூன்யா?” யாருடையது அது?

வாசலில் கூடி நின்றவர்களை விலக்கிக்கொண்டு மாரிமுத்து முன்னால் வந்தார். கையில் சோப்பு நுரை காயவில்லை. “குர்சி, சாயா பூன்யா.” நாற்காலி என்னுடையது.

பாக்கியம் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். “சாயா பூன்யா.” காக்கா டம்ளருக்குக் கையைத் தூக்கினார். எதிர் அறைக்காரர் விரிப்பையே கொண்டுவந்து காட்டினார். கடைசியில் நான், “ரேடியோ, சாயா பூன்யா,” என்றேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல இருந்தது.

மிஸி எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா, சொல்ல முடியவில்லை. பிறகு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அஞ்சலையின் கையை இழுத்து விரலைப் பார்த்தாள். ஆணியைக் காட்டி, அது என்ன மூட்டை என்று கேட்டாள்.

அஞ்சலை சிவகாமியைப் பார்த்தாள். சிவகாமி இங்கிலீசில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். லெச்சுமி தன் பள்ளிக்கூட நோட்டை எடுத்து, யாரும் கேட்காமலே, மிஸியின் மடியில் வைத்தாள். மிஸிக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது ஒரு நெளிந்த தகரக் குவளை. அதை நீட்ட அஞ்சலைக்கு மனசு வரவில்லை.

ஜொகூர்க்காரர்கள் வந்த நாள்

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடிதம் வந்தது. உதவி உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை உண்டு. மேசையில் கூட்டம் அதிகம், அதனால் சிவகாமி அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. கடிதத்தை லெச்சுமியிடம் கொடுத்து, “போய் அம்மாட்டச் சொல்லு,” என்றாள். பிள்ளை ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. அந்தச் செருப்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் தொழில் அதுதானே.

தீபாவளி முடிந்து ஜொகூர்க்காரர்கள் கார் கொண்டுவந்தார்கள். அஞ்சலை வாசலிலேயே நின்று, “மன்னிச்சுக்குங்க. பிள்ள படிக்குது,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்து வீடுகளை இடித்து எங்களுக்கு மாடிவீடு கொடுத்தார்கள், குழாய் வீட்டுக்குள்ளேயே வந்தது. லெச்சுமி படித்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில், மாடிவீட்டுக்குக் கீழே போட்ட மேசையில், அவளும் மனு எழுதினாள்.

கடிதம் போட்ட தம்பிக்கு நான் சொல்வது இதுதான். சர்க்காரிடம் பணம் இருந்தது, கொடுக்க மனசும் இருந்தது. எங்கள் சந்துக்கு வரும் வழி அதற்குத் தெரியாது. எங்களுக்கு அந்த மாடிப்படி தெரியாது. நடுவில் ஒரு மேசையைப் போட்டு நாலு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்து, கிராஞ்சியில் லாரியில் ஏறிப் போகிற தம்பிகளைப் பார்க்கும்போது, இவர்களுக்கு அந்த மேசையை யார் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு விஷயம் பாக்கி. ஆறு மாசம் கழித்து, நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்க மிஸி மறுபடி வந்தாள். நான் அன்று வீட்டில் இருந்தேன். அறையில் நாற்காலி இல்லை, ஆணியில் மூட்டையும் இல்லை. மிஸி தானாகவே பாயில் உட்கார்ந்தாள். அஞ்சலை அடுப்புப் பக்கம் திரும்பி, டீயை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

கண்ணாடி டம்ளர். புதுசு. பச்சைக் கோடு போட்டது.

போச்சு, திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். மிஸி டம்ளரைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சியாப்பா பூன்யா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை சொன்னாள்.

“சாயா பூன்யா.”

முதல் மாசப் பணத்தில் அரிசி வாங்கப் போனபோது கூடவே வாங்கினாளாம். ஒன்றே ஒன்று. வருகிறவர்களுக்கு.

மிஸி டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகுதான் புத்தகத்தைத் திறந்தாள்.